ஆசிட் வாங்காத கல்யாண ஹால்

தாராவியில் ஒரு கல்யாணத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு மணமகளின் பெயர் ஞாபகம் இருக்கும். பிரியாணி எப்படி இருந்தது என்று ஒரு வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வார்கள். தாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட தரையை யார் கழுவியது என்று மட்டும் எவரும் கேட்டதில்லை.

அந்தத் தரையைக் கழுவியவள் பெயர் சபுரா.

தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் தமிழ் முஸ்லிம்களின் ஜமாஅத் ஹால் இருக்கிறது. கீழே சமையல் கொல்லையும் சாப்பாட்டுக் கூடமும். மேலே நிக்காஹ் நடக்கும் பெரிய கூடம். இரண்டு தளத்துக்கும் சேர்த்து ஆறு கழிவறைகள். பதினோரு வருஷமாக இவை அத்தனையும் சபுராவின் கையில்.

மேலப்பாளையத்தில் பிறந்து, ஷாகிரைக் கட்டிக்கொண்டு பம்பாய் வந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. இப்போது நாற்பத்தாறு. ஷாகிர் டெம்போ ஓட்டுகிறார். உல்லாஸ்நகருக்குத் துணி மூட்டை ஏற்றிப் போனால் திரும்ப ஒரு நாள் ஆகும், இரண்டு நாளும் ஆகும். ஒரே மகள் ருக்சானா காமர்ஸ் படிக்கிறாள். வீட்டில் ஒரு விசித்திரம் உண்டு. உம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். மகளுக்குத் தமிழைத் தவிர எல்லாம் வாசிக்க வரும். அதனால் எந்த பாட்டிலின் மேல் என்ன எழுதியிருந்தாலும் மகள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஹாலுக்கு வந்த பாட்டில்களில் எதுவுமே எழுதியிருக்காது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சைக்கிளில் ஒருவன் நீலக் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவான். பழைய தண்ணீர் பாட்டில்களில் ஆசிட் ஊற்றிக் கொடுப்பான். இன்னொன்றில் பிளீச்சிங் தண்ணீர். மூன்றாவதில் பினாயில். சபுராவின் விரல் நுனிகளில் ரேகை அழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ரேஷன் கடை மெஷினில் அவள் விரலை வைத்தால் அது பேசாமல் இருக்கும். கடைக்காரர் அலுத்துக்கொள்வார். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த விரலை நீட்டுவாள்.

அந்த வேலையை அவள் வெறும் வேலையாக நினைக்கவில்லை. ஒரு பெண் தன் வாழ்க்கையின் பெரிய நாளில் கால் வைக்கும் தரை தன்னுடையது என்று நினைத்தாள். "விட்டுடேன், நான் ஓட்டுறது போதும்" என்று ஷாகிர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். "உங்க டெம்போ உங்களுக்கு, என் ஹால் எனக்கு" என்பாள்.

அந்த ஹால் கையை விட்டுப் போகும் நாள் போன ஜூலையில் வந்தது.

வெளியே மழை. பதினோரு மணிக்கு நிக்காஹ். மேல்தளக் கழிவறையில் ஒரு மஞ்சள் கறை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சபுரா ஆசிட்டை ஊற்றினாள். கறை அசையவில்லை. கீழே மாப்பிள்ளை வீட்டு வேன் ஹார்ன் அடித்தது. அவசரத்தில், ஊற்றிய ஆசிட்டின் மேலேயே பிளீச்சிங் தண்ணீரையும் கவிழ்த்தாள்.

பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை எழுந்தது. அடுத்த மூச்சை அவளால் இழுக்க முடியவில்லை. கண்ணில் மிளகாயைத் தேய்த்ததுபோல் எரிந்தது. கதவைப் பிடிக்கப் போன கை காற்றைப் பிடித்தது.

காலைப் பலகாரத்துக்கு இட்லி கொண்டுவந்த இசக்கிதான் அவளைப் பார்த்தாள். இசக்கி பக்கத்துச் சந்துக்காரி. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக இட்லி அவித்து விற்கிறவள். இட்லி அண்டாவைப் படியிலேயே போட்டுவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சபுராவின் இரண்டு கையையும் பிடித்து வெளியே இழுத்தாள். அன்று இசக்கி ஐந்து நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான்கு நாள் ஆஸ்பத்திரி. ஆக்ஸிஜன் முகமூடிக்குள் அவள் மூச்சு கீச்கீச்சென்று சத்தம் போட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இந்தியில் சொன்னதை ருக்சானா தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"உம்மா, டாக்டர் என்ன சொல்றாங்கன்னா, ஆசிட், பிளீச், பினாயில், இது எதுவும் இனிமே உங்க பக்கத்துல வரவே கூடாதாம். ஆசிட்டையும் பிளீச்சையும் சேர்த்தா விஷ காத்து வருமாம். இன்னொரு தடவை ஆச்சுன்னா லங்ஸ் தாங்காதாம்."

பதினோரு வருஷம் விஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுத்தம் செய்ததாக நினைத்திருக்கிறோமே என்று சபுராவுக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், அப்படியானால் ஹால்? என்று பயம் வந்தது.

ஜமாஅத்தின் செயலாளர் உதுமான் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சபுராவுக்குச் சண்டை போடவாவது முடிந்திருக்கும்.

"நீ ரெஸ்ட் எடு தங்கச்சி. வேற ஆள் பாத்துக்கிடுதேன். உன் உசுருதான் முக்கியம்."

"எனக்கு ஹாலும் முக்கியம் காக்கா."

"ஆசிட் இல்லாம அந்தக் கக்கூஸை யாரு கழுவ முடியும் சொல்லு? நானூறு பேர் வந்துட்டுப் போற இடம்."

"நான் கழுவுதேன். எனக்கு டைம் குடுங்க."

உதுமான் அவள் முகத்தைப் பார்த்தார். நான்கு நாளில் அது பாதியாகியிருந்தது. கண் மட்டும் பழைய கண்ணாகவே இருந்தது.

"டிசம்பர்ல என் தங்கச்சி மகளுக்கு நிக்காஹ். அது வரைக்கும் பாப்போம். அன்னிக்கு ஹால் கண்ணாடி மாதிரி இருக்கணும். இல்லைன்னா நீயே ஒதுங்கிடணும். என் மேல மனசுல வருத்தம் வெச்சுக்கக் கூடாது."

சபுரா தலையாட்டினாள். ஐந்து மாதம். அதற்குள் மூச்சையும் காப்பாற்ற வேண்டும், ஹாலையும் காப்பாற்ற வேண்டும்.

முதலில் அவள் செய்தது எல்லாம் கோணலாகப் போனது. யாரோ சொன்னார்கள் என்று வினிகரையும் சலவைச் சோடாவையும் ஒரே வாளியில் கொட்டினாள். நுரை பொங்கி வாளிக்கு வெளியே வழிந்தது. ருக்சானா போனில் படம்கூட எடுத்தாள். அந்தத் தண்ணீரால் தேய்த்தால் பிரியாணி எண்ணெய் நகரவே இல்லை. ஒன்றை ஒன்று தின்றுவிட்டுச் சும்மாத் தண்ணீராகிவிட்டன என்று பிற்பாடுதான் புரிந்தது. பிறகு தனித்தனியாக எடுத்தாள். வெந்நீரில் சோடாவைக் கரைத்து ஊற்றினால் எண்ணெய் கழன்று வந்தது. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் சோப்பு வேண்டாத நுரை கிடைத்தது. மளிகைக் கடையில் நிம்பு பூல் என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்களே, அந்த எலுமிச்சை உப்பைக் கழிவறைக் கறையில் தூவி ஓர் இரவு ஊறவிட்டாள். காலையில் தேய்த்தபோது, ஆசிட்டுக்கு அசையாத மஞ்சள் கறை செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. அன்று அவள் கழிவறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். இதற்குப் போய் யாராவது அழுவார்களா? அழுதாள்.

இன்னொரு நாள் எலுமிச்சைத் தண்ணீரால் மேடையின் பளிங்குப் படியைத் துடைத்துவிட்டாள். படி வெளுத்து மங்கிப் போயிற்று.

"அல்லாவே, இது என்ன படிக்கு வெண்குஷ்டம் வந்த மாதிரி" என்று உதுமான் தலையில் கை வைத்தார்.

"பளிங்குக்குப் புளிப்பு ஆகாது போல காக்கா. இனிமே வெறும் தண்ணிதான்."

"இன்னும் என்னென்னத்துக்கு என்னென்ன ஆகாதுன்னு என் ஹாலை வெச்சுதான் கண்டுபிடிப்பியா?"

பித்தளை அண்டாக்களுக்கு இசக்கி கை கொடுத்தாள். தினமும் சாம்பாருக்குப் புளி கரைத்த சக்கையைக் குப்பையில் போடுகிறவள், அதை ஒரு டப்பாவில் சேர்த்துக் கொண்டுவந்து தந்தாள்.

"ஏளா, இதுக்கு நீ எனக்கு என்ன தருவ?"

"உன் அண்டாவையும் சேர்த்துத் தேய்ச்சுத் தாரேன்."

"என் அண்டாவை அன்னிக்குப் படியில போட்டேன்லா, அதுல ஒரு ஒடுக்கு விழுந்திருக்கு. அதைத் தேய்ச்சு எடுத்துருவியா?"

"அந்த ஒடுக்கு இருக்கட்டும். அதைப் பாக்கும்போதெல்லாம் நான் உசிரோட இருக்கேன்னு ஞாபகம் வரும்."

இசக்கி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, புளிச்சக்கை டப்பாவுக்கு மூடி தேடினாள்.

அக்டோபர் வருவதற்குள் ஹால் பளபளத்தது. கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வேறொரு இடத்திலிருந்து அடி விழுந்தது. ஒரு கல்யாணத்துக்கு வந்த பெண்கள் உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்து, "இன்னிக்குக் கழுவலையா?" என்று கேட்டார்கள். பினாயில் வாசம் இல்லை. பினாயில் வாசம் இல்லையென்றால் கழுவவில்லை என்று அர்த்தம்.

உதுமான் கையைப் பிசைந்தார். "சுத்தம் கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதாது சபுரா. மூக்குக்கும் தெரியணும். டிசம்பர்ல மாப்பிள்ளை வீடு சீத்தா கேம்ப் ஏரியா. பெரிய குடும்பம். மாப்பிள்ளையோட பெத்தவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. மாமி நஜ்முன்னிசாதான் எடுத்து வளர்த்தது. அந்தம்மா வாயில குறை வந்துச்சுன்னா என் தங்கச்சி மகளுக்கு ஆயுசுக்கும் பேச்சு."

வாசத்துக்கு எங்கே போவது? சபுரா பல நாள் யோசித்தாள். யோசித்து யோசித்து அவள் மனசு போய் நின்ற இடம்தான் எல்லாவற்றையும் கவிழ்க்கப் பார்த்தது.

அவளுக்கு இன்னொரு பணி இருந்தது. அந்தப் பகுதியில் ஒரு பெண் இறந்தால் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூலி வாங்கமாட்டாள். இஸ்லாமிய வழக்கப்படி இலந்தை இலைப் பொடி கரைத்த தண்ணீரால் உடலைக் கழுவுவார்கள். கடைசித் தண்ணீரில் கற்பூரம் சேர்ப்பார்கள். ஆசிட் தின்ற அவள் விரல்களுக்கு அந்த இலந்தைத் தண்ணீர் மட்டும் எப்போதும் இதமாக இருந்திருக்கிறது. மெல்லிய நுரை. எரிச்சல் இல்லை. உலகத்தில் இதைவிடத் தூய்மையான தண்ணீர் வேறு என்ன இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டில் ஒரு பை இலந்தைப் பொடி இருந்தது. கற்பூரமும் இருந்தது. கரைத்துத் தன் வீட்டுத் தரையைத் துடைத்துப் பார்த்தாள். தரை மின்னியது. ஈ, எறும்பு எதுவும் கிட்டே வரவில்லை.

"எப்படிம்மா இருக்கு வாசம்?" என்று மகளைக் கேட்டாள்.

"தைலம் மாதிரி இருக்கு உம்மா. சலேகா, பரவாயில்ல."

இசக்கியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"கோயிலுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு, போ" என்றாள் இசக்கி.

மகள் மய்யித்து கிடக்கும் சாவு வீட்டுக்குள் போனதே இல்லை. இசக்கிக்குக் கற்பூரம் என்றால் சாமி. சபுராவின் மூக்குக்கோ அது சுத்தத்தின் வாசம். எச்சரிக்க யாரும் இல்லாமல் போனார்கள்.

டிசம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து சபுரா ஹாலை இரண்டு முறை துடைத்தாள். கழிவறைகள் ஆறும் வெள்ளை வெளேரென்று இருந்தன. பித்தளை அண்டாக்கள் கொல்லையில் சூரியன்கள் மாதிரி கிடந்தன. கடைசியாக மேல்கூடம் முழுவதையும் இலந்தைப் பொடியும் கற்பூரமும் கரைத்த தண்ணீரால் துடைத்துவிட்டு, புதுப் புடவை மாற்றிக்கொண்டு, படிக்கட்டின் ஓரமாக நின்றாள். உதுமான் வந்து பார்த்தார். அன்றைக்கு அவருக்குக் கடும் ஜலதோஷம். வாசம் பார்க்கவில்லை, கண்ணால் பார்த்தார். "ஏ ஒன்" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு.

பத்தரை மணிக்குச் சீத்தா கேம்ப் வேன்கள் வந்தன. எல்லாருக்கும் முன்னால் மாமி நஜ்முன்னிசா படியேறினாள். அறுபது வயது, கனத்த உடம்பு, வெள்ளைத் துப்பட்டி. வாசலில் ஒரு கால் வைத்தாள். நின்றாள். வைத்த காலை எடுத்துக்கொண்டாள்.

"இங்கே மய்யித்து எதுவும் வெச்சிருந்தீங்களா?"

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன மாமி சொல்றீங்க?" உதுமான் ஓடி வந்தார்.

"என்னைக் கேக்காதீங்க. இலந்தைத் தண்ணி வாசம் எனக்குத் தெரியாதா? கற்பூர வாசம் தெரியாதா? மய்யித்துக் குளிப்பாட்டின மாதிரி தரையைக் குளிப்பாட்டி வெச்சிருக்கீங்களே. மய்யித்துக்குச் சுத்துற கஃபன் துணி எங்கே, அதையும் விரிச்சிட வேண்டியதுதானே?"

அவளுக்குப் பின்னால் வந்த பெண்கள் அப்படியே படியிறங்கினார்கள். அபசகுனம் என்றது ஒரு குரல். நிக்காஹை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றது இன்னொன்று. உள்ளே அறையில் மணப்பெண் அழ ஆரம்பித்துவிட்டாள் என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள்.

படிக்கட்டு ஓரத்தில் நின்ற சபுராவுக்குக் காது அடைத்தது. அப்போதுதான் அந்த வாசம் அவள் மூக்குக்கும் உறைத்தது. யா அல்லா, நான் என்ன செய்தேன்? ஒரு பெண் வாழப் போகும் நாளில் எந்தத் தண்ணீரை எடுத்துத் தெளித்துவிட்டேன்? சுவரோடு சுவராக ஒண்டிக் கீழே இறங்கிப் போய்விடலாம். யார் கழுவியது என்று யாருக்கும் தெரியாது. எப்போதும்போல யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

அவள் கீழே இறங்கவில்லை. நஜ்முன்னிசாவின் முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் கழுவினேன் லாத்தா. இவுங்க யாருக்கும் தெரியாது. தப்பு என்னோடது."

"நீ யாரு?"

"ஹால்ல வேலை பாக்குறவ. ஆசிட் புகையில விழுந்து என் நெஞ்சு கெட்டுப்போச்சு. பினாயிலும் எனக்கு ஆகாது. எனக்குத் தெரிஞ்சதுல நல்ல தண்ணி இதுதான். அதனால கரைச்சேன். மய்யித்துக் குளிப்பாட்டி குளிப்பாட்டி எனக்கு இது பழகிப்போச்சு. பொண்ணுக்கு ஆகாதுன்னு புத்தியில உறைக்கலை."

நஜ்முன்னிசா அவள் கைகளைப் பார்த்தாள். தோல் உரிந்து, நகம் மங்கிய விரல்கள்.

"எத்தனை பேரைக் குளிப்பாட்டியிருக்க?"

"எண்ணினது இல்ல லாத்தா."

"நானும் எண்ணினது இல்ல. எங்க ஏரியாவுல நான்தான்." அவள் குரல் திடீரென்று இறங்கியது. "மூணு மாசத்துக்கு முன்னால என் மகளை நானே குளிப்பாட்டினேன். இதே தண்ணி. இதே வாசம். நான் பெத்ததைக் கழுவின வாசத்துல நின்னு, நான் வளர்த்த பிள்ளையோட நிக்காஹை என்னால பாக்க முடியாது. நீயே சொல்லு, முடியுமா?"

சபுராவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

அதற்குள் உதுமான் காவல்காரனின் அறையிலிருந்து ஒரு நீலக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பழைய பினாயில்.

"தள்ளு சபுரா. இதை ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல எல்லா வாசமும் போயிடும்."

சபுரா கேனுக்கும் கூடத்துக்கும் நடுவே நின்றாள்.

"அதைத் திறந்தீங்கன்னா நான் வெளிய போயிடணும் காக்கா. அப்புறம் திரும்பி வர மாட்டேன். அரை மணி நேரம் குடுங்க. என் தப்பை நானே கழுவுதேன்."

"மாப்பிள்ளை வீட்டார் தெருவுல நிக்கிறாங்க. நீ டயம் கேக்குற."

"குடுங்க" என்றாள் நஜ்முன்னிசா. "அரை மணி நேரம் நான் கீழே உக்காந்திருக்கேன். பாக்குறேன்."

சபுரா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். சமையல்காரர் சிராஜ் பெரிய தேக்சாவில் பிரியாணி அரிசிக்கு உலை வைத்திருந்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பக்கத்தில் இரண்டு சாக்கு நிறைய எலுமிச்சைத் தோல். வருகிறவர்களுக்குச் சர்பத் போடப் பிழிந்து முடித்தவை.

"சிராஜ் பாய், இந்த உலைத் தண்ணி எனக்கு வேணும்."

"பிரியாணித் தண்ணியில கை வெச்சீங்கன்னா இங்கே கொலை விழும் லாத்தா."

"நிக்காஹ் நடந்தாத்தான் உங்க பிரியாணியை யாராவது தின்பாங்க."

சிராஜ் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு அவரே ஒரு சாக்கை அவிழ்த்து எலுமிச்சைத் தோலை உலையில் கொட்டினார். "வேற என்ன வேணும்?" என்றார். பட்டை ஒரு கைப்பிடி, கிராம்பு ஒரு கைப்பிடி, ஆய்ந்துபோட்ட புதினாக் காம்புகள். கொதி வந்ததும் கொல்லை முழுக்க ஒரு மணம் எழுந்தது.

முதலில் வெறும் தண்ணீரால் இரண்டு முறை கூடத்தைக் கழுவித் தள்ளினார்கள். இசக்கி ஒரு பக்கம் துடைப்பம் பிடித்தாள். ருக்சானா ஜரிகை வைத்த உடையோடு வாளி தூக்கினாள். "உம்மா, என் டிரெஸ் போச்சு" என்றாள், ஆனால் வாளியைக் கீழே வைக்கவில்லை. மணப்பெண்ணின் தோழிகள் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சேர்ந்தார்கள். ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்தார்கள். பிறகு வடிகட்டிய எலுமிச்சைத் தண்ணீர். ஆவி பறக்கப் பறக்கத் துடைத்தார்கள். பளிங்குப் படிப் பக்கம் மட்டும் அந்த வாளியைக் கொண்டுபோக சபுரா யாரையும் விடவில்லை. அதை அவளே நல்ல தண்ணீரும் துணியுமாகத் துடைத்தாள்.

நடுவில் ஒருமுறை அவளுக்கு மூச்சு வாங்கியது. இசக்கி துடைப்பத்தை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏளா, நெஞ்சு அடைக்குதா?"

சபுரா நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். எலுமிச்சையும் கிராம்பும் நெஞ்சின் அடிவரைக்கும் போயிற்று. ஓடியதால் வந்த மூச்சுதான். விஷத்தால் வந்தது அல்ல.

"இல்லளா. போ, அந்த மூலையைப் பாரு."

அரை மணி நேரம் முடிந்தபோது மின்விசிறிகள் சுழன்று தரை உலர்ந்துவிட்டது. நஜ்முன்னிசா மெல்லப் படியேறி வந்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். உதுமான் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி நின்றார். சபுரா துடைப்பத்தைக் கீழே வைக்க மறந்து, அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அந்த அம்மாள் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் அவளுடைய பதினோரு வருஷம் தொங்கியது.

நஜ்முன்னிசா செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து நடுக்கூடத்தில் நின்றாள். கண்ணை மூடி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். இன்னொரு மூச்சு. அவள் உதடு நடுங்கியது. அழப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"பசிக்குது" என்றாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"மகள் போனதிலேர்ந்து எனக்குப் பசின்னு ஒண்ணே வரலை. இப்பப் பசிக்குது. கல்யாண வீடு இப்படித்தான் மணக்கணும்." அவள் திரும்பி உதுமானைப் பார்த்தாள். "எதுக்கு இன்னும் நிக்கிறீங்க? பையனை மேல கூட்டிட்டு வாங்க. நிக்காஹ் ஓத அஸரத்தை உக்காரச் சொல்லுங்க."

பதினொன்றே காலுக்கு நிக்காஹ் நடந்தது. கபூல், சம்மதம் என்று மாப்பிள்ளை சொன்ன நேரத்தில் சபுரா ஈரப் புடவையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நஜ்முன்னிசா உள்ளேயிருந்து ஆள் அனுப்பினாள். போகத் தயங்கியவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையில், தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இவ யாருன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்லுதேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்தத் தரை இவ கழுவினது. ஆசிட் இல்லாம, பினாயில் இல்லாம. மோந்து பாருங்க."

சில பெண்கள் நிஜமாகவே குனிந்து மோந்து பார்த்தார்கள். சபுராவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். எதற்குக் குனிய வேண்டும்?

செவ்வாய்க்கிழமை உதுமான் ஹாலுக்கு வந்தார். ஜலதோஷம் குறைந்திருந்தது. கூடத்தின் நடுவில் நின்று இரண்டு முறை மூக்கை இழுத்துப் பார்த்தார். சபுரா ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிசம்பர் வந்துவிட்டது, கெடு முடிந்துவிட்டது என்று இருவருக்கும் தெரியும்.

உதுமான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு தாளையும் எடுத்தார்.

"அடுத்த மாசத்துக்கு ஹாலுக்கு என்னென்ன சாமான் வாங்கணும், சொல்லு. நீ சொல்றதை மட்டும் எழுதுதேன்."

சபுரா துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அந்த ஹாலின் நாற்காலிகளைத் துடைத்திருக்கிறாளே தவிர, வேலை நேரத்தில் ஒன்றிலும் உட்கார்ந்தது இல்லை.

"எழுதுங்க காக்கா" என்றாள். "பூந்திக்கொட்டை அஞ்சு கிலோ."